ஒச்சாயி பார்த்துக்கொண்டு நின்றாள்

‘ஏழு மடை நாடு’ தொடரின் ஐந்தாம் பாகம் வராது என்று பதிப்பகம் அறிவித்த அன்று, வாசகர் குழுவில் மதியத்துக்குள் முந்நூறு செய்திகள் வந்துவிட்டன. ஏமாற்றிவிட்டார் என்றார் ஒருவர். முடிவைத் தானே எழுதி வெளியிடப்போவதாக இன்னொருவர் கிளம்பினார். எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் என்றார் மூன்றாமவர்.

பாளையம்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கும் நர்கிஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே ஒரு வரி போட்டாள்: ‘வரும். எங்கயோ மாட்டிக்கிட்டாரு. எங்கன்னு கேப்போம்.’

நான்காம் பாகம் வந்து ஏழு வருடமாகியிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், வறண்டுபோன நாட்டின் இளவரசி வெயிலாள் ஏழாவது மடையின் முன்னால் நிற்கிறாள். பின்னால் எதிரிப்படை வருகிறது. மடையைத் திறந்தால் நாட்டுக்குத் தண்ணீர் வரும். திறக்காவிட்டால் அவள் கதை முடிந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ‘செவல்காட்டான்’ என்ற புனைபெயர்க்காரர் காணாமல் போய்விட்டார். வருடாவருடம் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும் என்று பதிப்பகம் சொல்லிக்கொண்டே வந்தது. இப்போது கையை விரித்துவிட்டது.

நர்கிஸுக்கு அந்த நாட்டில் தெரியாத சந்து கிடையாது. கணவன் அனீஸ் வேலைக்காகச் சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் போனபோதுதான் முதல் பாகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நான்கு பாகங்களையும் ஆறு தடவை முடித்திருந்தாள். இவ்வளவு கச்சிதமாகக் கட்டுகிற மனுசன் சோம்பேறித்தனத்தில் விடமாட்டான் என்பது அவள் கணக்கு. பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ‘உங்களுக்கு எந்த இடத்தில் வழி அடைத்துக்கொண்டது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டு, கீழே கடையின் தொலைபேசி எண்ணை எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அழைப்பு வந்தது.

“நர்கிஸுங்களா? நான் பால்ச்சாமி பேசுறேன். அந்தப் புத்தகம் எழுதுறவன்.”

“எங்கேருந்துண்ணே பேசுறீக?”

“பந்தல்குடியில பஞ்சர் கடை வச்சிருக்கேன்மா. தூத்துக்குடி ரோட்டுல.”

சென்னையில் ஏதோ மாடி வீட்டில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்தில் இருந்தார். “நாளைக்கு வாரேன்ணே,” என்றாள் நர்கிஸ். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

குழுவைத் தொடங்கிய அழகுராஜாவையும் கூட்டிக்கொண்டாள். மினி பஸ்ஸில் கண்டக்டர் அவன். பத்து வயது இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். போகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரே கவலை. “அக்கா, அவுக கோவிச்சுக்கிட்டா என்ன செய்ய?” என்றான். “கோவிச்சாலும் பதில் சொல்லித்தானே ஆகணும்,” என்றாள் அவள்.

பால்ச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை கரி. லாரி டயர் ஒன்றை உருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“சோணையைக் கொன்னுட்டேன்மா. அதான் வினை.”

மடைகளைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி சோணை மூன்றாம் பாகத்தில் செத்துப்போகிறவன். ஏழாவது மடையைத் திறக்கும் முறை தெரிந்த ஒரே ஆள்.

“அப்ப உணர்ச்சிவசப்பட்டுக் கொன்னுட்டேன். நாலாம் பாகம் முடிச்சப்புறந்தான் உறைக்குது, இனி மடையைத் தொறக்க ஆள் இல்லன்னு. அவன் ஆவியா வந்து சொல்றாப்ல இருநூறு பக்கம் எழுதினேன். எனக்கே சகிக்கல, கிழிச்சுப் போட்டேன். செத்தவனை எழுப்பி விட்டா என்னைய மதிப்பீங்களா?”

“மதிக்க மாட்டோம்ணே,” என்றாள் நர்கிஸ்.

அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டான். அவள் பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்து, ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்து வாசித்தாள்.

“‘சோணை ஏழாம் மடைக்குள் இறங்கிக் கல்லைத் திருப்பினான். ஆட்டுக்காரி ஒச்சாயி கரை மேல் பார்த்துக்கொண்டு நின்றாள்.’”

பால்ச்சாமி புரியாமல் பார்த்தார். “யாரு ஒச்சாயி?”

“உங்க ஆளுதாண்ணே. மூணு இடத்துல வாரா. மூணு இடத்துலயும் உசுரோடதான் இருக்கா.”

“அது சும்மா எழுதினதும்மா. கரை வெறிச்சுன்னு கெடந்துச்சு, நாலு ஆடு நின்னா நல்லா இருக்கும்னு போட்டேன். ஆடு இருந்தா ஆட்டுக்காரி வேணுமில்ல?”

“நீங்க சும்மா எழுதியிருக்கலாம். அவ சும்மா நிக்கலையே. பாத்துக்கிட்டு நின்னான்னுதானே போட்டிருக்கீக. கல்லு எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு அவளுக்குத் தெரியும்.”

“கதையில முப்பது வருசத்துக்கு முந்தி, மடை கடைசியாத் தொறந்தப்பப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருக்குமா?”

“நூறு ஆட்டுக்குள்ள தன் ஆட்டை முகம் பாத்துச் சொல்றவ அவ. ரெண்டாம் பாகத்துல நீங்களே எழுதியிருக்கீக.”

அவர் முகம் இறுகியது. “இங்க பாருங்கம்மா. புத்தகம் என்னுது. வந்தவுகெல்லாம் வழி சொல்ல இது பஸ் ஸ்டாண்டு இல்ல.”

“உங்களுதுதாண்ணே. நான் புதுசா ஒரு ஆளையும் கொண்டுவரல. நீங்க நிக்க வச்சிட்டு மறந்துபோன ஆளைக் காட்டுறேன், அவ்வளவுதான்.”

அந்த நேரம் பார்த்து ஒரு சிமெண்ட் லாரி பின் டயர் இறங்கி வந்து நின்றது. பால்ச்சாமி எழுந்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் அந்தப் பக்கமே இருந்தார். அவர்கள் கிளம்புவதாகச் சொன்னபோதும் லாரிக்கு அடியிலிருந்தபடி சரி என்று மட்டும் சொன்னார். ரோட்டைத் தாண்டப் போகையில் கூப்பிட்டார்.

“அந்த மொதப் பாகத்தை வச்சிட்டுப் போங்க. எங்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல.”

நர்கிஸ் திரும்பி வந்து, டயருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் புத்தகத்தை வைத்தாள்.

பஸ்ஸில் அழகுராஜாவுக்கு முகமே செத்துப்போயிருந்தது. “வெரட்டி விட்டுட்டாருக்கா,” என்றான்.

“ஏலே, புத்தகத்தைக் கேட்டு வாங்கினாரே, அதைப் பாக்கலையா நீ?” என்றாள். “எழுதிருவாரு. குழுவுல மட்டும் மூச்சு விட்டுறாத. ஆளாளுக்குப் போன் போட்டா மனுசன் கடையைப் பூட்டிட்டு ஓடிருவாரு.”

இரண்டு மாதம் சத்தமே இல்லை. மூன்றாம் மாதம், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அழைப்பு வந்தது.

“ஒச்சாயிக்கு ஆடு எத்தனைம்மா?”

“பதினொண்ணுண்ணே. ரெண்டாம் பாகத்துல ஒண்ணை நரி தூக்கிருச்சு. மிச்சம் பத்து.”

“சரி,” என்று வைத்துவிட்டார்.

பிறகு அடிக்கடி அழைப்பு வந்தது. ஒச்சாயிக்கு எந்தக் கால் நொண்டி, வெயிலாளின் அம்மா ஊர் எது, ஆறாம் மடைக்கும் ஏழாம் மடைக்கும் எத்தனை நாள் நடை. நர்கிஸ் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கதை எப்படிப் போகிறது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. குழுவில் அவ்வப்போது யாராவது புலம்பினால் ‘வரும்’ என்று போட்டாள். பலர் கேலி செய்தார்கள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஐந்தாம் பாகம் வந்தது. அறுநூற்று நாற்பது பக்கம். அழகுராஜா மினி பஸ்ஸிலேயே பார்சலைக் கொண்டுவந்து இறக்கினான். அன்று கடையில் உட்கார்ந்தபடியே நர்கிஸ் வாசித்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் சொன்னபடியே வெயிலாள் ஒச்சாயியைத் தேடிக்கொண்டு போனாள். குடிசையைக் கண்டுபிடித்தாள். காலில் விழுந்து கேட்டாள். ஒச்சாயிக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. கல் எந்தப் பக்கம், எத்தனை சுற்று, எல்லாம். ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, “நான் தொறக்க விட மாட்டேன்,” என்றாள்.

நர்கிஸ் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். கிழவியிடம் கேட்டதும் சொல்லிவிடுவாள், மடை திறக்கும், தண்ணீர் வரும் என்று இத்தனை நாளும் மனதுக்குள் முடித்து வைத்திருந்தாள். ஒருநாள்கூட இப்படித் தோன்றவில்லை. தன் கணக்கு தோற்றதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். போனை எடுத்தாள்.

“என்னண்ணே, கெழவி இப்படிச் சொல்லிப்புட்டா?”

அந்தப் பக்கம் கம்பிரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்து பால்ச்சாமி பேசினார்.

“காஞ்ச கண்மாய்லதான முப்பது வருசமா அவ மேய்க்கிறா. தண்ணி வந்து நெறஞ்சா அவ ஆடு எங்க மேயும், சொல்லுங்க.”

நர்கிஸ் யோசித்தாள்.

“அதுக்கு மேல என்ன ஆகுதுன்னா...” என்று அவர் ஆரம்பித்தார்.

“சொல்லிறாதீக,” என்றாள் நர்கிஸ். “இன்னும் முந்நூறு பக்கம் கெடக்கு.” போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற ஆளுக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.