ஒன்றிப்போனவர்

"ஒன்றிப்போயிட்டான்" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூத்துக்காரனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. காமன் கூத்தில் அழுகிறவன் நிஜமாக அழ வேண்டும், விழுகிறவன் நிஜமாக விழ வேண்டும். இந்த வருடம் மன்மதன் வேஷம் என் வீட்டுக்காரர் விஜிதரனுக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நன்றாக விடிந்த பிறகுதான் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். மன்மதன் எரிந்து சாய்ந்தார். ரதி வேஷம் கட்டிய பிரதாப் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி பாடினான். தப்பு மேளம் அதிர்ந்தது.

"பாரேன், மூச்சே விடாம கெடக்காரு. என்னமா ஒன்றிப்போயிட்டாரு!" என்றார் பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா.

நானும் சிரித்தேன். அப்போது ஈரப் புல்லிலிருந்து ஓர் அட்டை அவர் கன்னத்தில் ஏறி உதட்டுக்கு வந்தது. அட்டையைக் கண்டால் லயத்து வீடெல்லாம் கூடும்படி கத்துகிறவர் அவர். தோட்டம் முழுக்க அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். இப்போது உதடு அசையவில்லை.

"அவருக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

பெண்கள் என்னை வளைத்துப் பிடித்தார்கள். "பொண்டாட்டிக்கும் அருள் வந்திருச்சு!" யாரோ நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

"அருள் இல்லக்கா! நெசமா சொல்றேன், விடுங்க!"

நான் அலற அலறக் கூட்டம் கும்பிட்டது, தப்பு வேகமெடுத்தது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. இத்தனை பேர் நடுவில், கண்ணெதிரே, அவரைச் சாகக் கொடுக்கப் போகிறேனா?

"பிரதாப்பு! அண்ணன் ஒதட்டுல அட்டைடா! பாருடா!"

பிரதாப்பின் பாட்டு அறுந்தது. குனிந்து பார்த்தான். மூக்கருகே கையை வைத்தான். அடுத்த நொடி சவுரியைப் பிடுங்கி எறிந்தான்.

"தப்ப நிறுத்துங்கடா! ஆட்டோவ கூப்பிடுங்க!"

ஆட்டோவில் ரதியின் சேலையோடு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவர் விரல்கள் என் கையைப் பற்றின. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் பிழைத்து வீடு திரும்பிய அன்று அழகம்மா அக்கா பார்க்க வந்தார். என் கன்னத்தைத் தடவினார்.

"என்ன சொன்னாலும், அன்னைக்கு அவரவிட நீதான் நல்லா ஒன்றிப்போயிட்ட."

உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்தவரின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.