பரணி எதிர்வீட்டுக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமை

சலூனுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னதும் பரணி தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டான். அவனுக்கு வயது ஐந்து. முடிவெட்டும் மிஷின் காதுக்குப் பக்கத்தில் வந்து உறுமுவது அவனுக்கு ஆகவே ஆகாது.

வேலம்பாளையத்து லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் போகிற சந்துதான். எதிர்வீட்டு ஆஷாவும் ஜெயபாண்டியும் விளாத்திகுளத்துப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஆஷா வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இனிமே நான் இந்த ஊட்லதான் இருப்பேன்."

"இருந்துக்கோ. வெங்காயம் உரிப்பியா?"

"உரிப்பேன்."

"அப்பச் சரி. உள்ள வா."

ஆஷாவின் மகன் முனீஸுக்கும் அதே வயது. அவன் பரணியையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அந்த வீட்டுப் பையன் நான்தான. சைக்கிளும் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சந்தைத் தாண்டிப் போனான். பரணி தன் சிவப்பு சைக்கிளை யாரையும் தொட விட்டதில்லை. ஆனாலும் இப்போது என்ன சொல்லித் தடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பரணியின் அம்மா கிருத்திகா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வா கண்ணு. நீதான் இனி எம்பட பையனா?" என்றாள். முனீஸ் தலையை ஆட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறினான்.

சற்று நேரத்தில் பரணியின் அப்பா முருகேஷ் வண்டிச்சாவியோடு வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்பச் சலூனுக்கு நீதான் வரோணும், பரணி" என்று முனீஸைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னான். முனீஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரின் முன்னால் ஏறி நின்றுகொண்டான். பல மாதமாக அவனை யாரும் சலூனுக்குக் கூட்டிப் போனதில்லை. முடி காதை மூடிக் கிடந்தது.

சலூனில் அவன் நாற்காலியை விட்டு இறங்க மறுத்ததும் முருகேஷ் ஜெயபாண்டிக்குப் போன் போட்டான்.

"ஏனுங்க ஜெயபாண்டி, முனீஸு முடிவெட்டியே ஆகோணும்ங்கறான். வெட்டிரலாமுங்களா?"

"வெட்டுங்க, வெட்டுங்க" என்றான் ஜெயபாண்டி. சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் கண்ணசந்திருந்தான்.

ஒட்ட வெட்டிய தலையும் பவுடர் பூசிய கழுத்துமாக முனீஸ் வந்து இறங்கியபோது ஆஷாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அண்ணே, என்ன பண்ணிட்டீக? போன வருசம் காய்ச்சல்ல கெடந்தான்ல, பழனிக்கு முடி வளத்துத் தாரேன்னு நேந்துருக்கேன்."

முருகேஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவுங்ககிட்டக் கேட்டுட்டுத்தானுங்க..."

ஆஷா உள்ளே திரும்பினாள். ஜெயபாண்டி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். "போன் வந்துச்சு. என்ன சொன்னேன்னு நெனப்பில்ல" என்றான்.

"நல்லா இருக்கு. முருகன் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

கிருத்திகா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஆஷா, பங்குனி உத்தரத்துக்கு இன்னும் நாள் இருக்குது. நாங்க வருசா வருசம் போறதுதான். எல்லாரும் ஒண்ணாப் போலாம். அதுக்குள்ள கொஞ்சம் வளந்துரும். சாமி அளந்தா பாக்கப்போவுது?"

"வளத்துத் தாரேன்னுல்ல சொன்னேன், அக்கா."

அடுப்படி ஓரத்திலிருந்து பரணி எழுந்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு ஆஷாவிடம் வந்தான்.

"அத்தை, என்ற முடியக் குடுத்தரலாம். இந்த ஊட்டுப் பையன் இப்ப நாந்தானே?"

அவனே அப்பாவிடம் திரும்பி, "அங்க மிஷின் இருக்குமா?" என்று கேட்டான்.

"இல்ல கண்ணு. கத்திதான்."

"கத்தின்னா செரி."

முதலில் சிரித்தது ஜெயபாண்டி. ஆஷா அவனை முறைத்தாள். பிறகு பரணியை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "ரெண்டு பேரு முடியும் சேத்தே குடுப்போம். முருகன் என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றாள். மத்தியானச் சாப்பாட்டை முருகேஷ் வீட்டிலும் கொண்டுபோய் வைத்தாள். ஜெயபாண்டியோடு மட்டும் சாயங்காலம் வரை பேசவில்லை.

பங்குனியில் இரண்டு குடும்பத்தாரும் பழனிக்குப் போனார்கள். முனீஸ் அசையாமல் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். கத்தியைப் பார்த்ததும் பரணி ஆஷாவின் தோளில் ஏறிவிட்டான். அவள் அவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரை அவன் அழுதான், கூடவே அவளும் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் சந்தனம் பூசிய இரண்டு தலைகளும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டன. தாராபுரம் வரை முனீஸ், அப்புறம் பரணி என்று ஜெயபாண்டி தீர்த்துவைத்தான். தாராபுரம் வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள். இரண்டு பேரையும் நகர்த்திப் படுக்க வைத்துவிட்டு, ஜன்னல் காற்றை அவனே வாங்கிக்கொண்டு வந்தான்.