கல் வாயும் க்ரீம் ஊற்றிய கார்பொனாராவும்

1.

இப்போதெல்லாம் ரோமில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. கொலோசியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தங்கள் மூஞ்சியைத்தான் படம் எடுக்கிறார்கள். இதைப் பார்க்க விமானம் ஏறி வருவானேன்? வீட்டுக் கண்ணாடி போதாதா?

இந்தக் கதையும் அப்படிப்பட்ட ஒரு வரிசையில்தான் கிடைத்தது. ஆற்றங்கரைத் தேவாலயத்தின் முகப்பில் ஒரு பெரிய வட்டக் கல் இருக்கிறது. கல்லில் ஒரு முகம், முகத்தில் திறந்த வாய். பொய்யன் அதில் கையை விட்டால் கடித்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு.* வெயிலுக்கு ஒதுங்கி அங்கே நின்றபோது, வரிசையில் ஒரு கிழவி ஒரு கிழவனிடம், "கைய விட்டுட்டு சொல்லு" என்றாள். நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டினால் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

* அது பழைய காலத்துச் சாக்கடை மூடியாக இருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். படித்தவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. இது மட்டும் பொருத்தமாகத் தெரிகிறது.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ரோம் நகரின் மீது பொன்னிற ஒளி படர்ந்த அந்த மாலையில், நசரேனோவின் நெஞ்சில் ஏதோ ஒன்று—

(வேண்டாம். நசரேனோ காலமெல்லாம் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்தவன். ஒளி படர்வதை அவன் கவனிக்கமாட்டான். எங்கே ஒழுகுகிறது என்று கவனிப்பான்.)

நசரேனோ மனைவியை இழந்தவன். எதையும் நேருக்கு நேர் சொல்லிவிடுவான். பாதிரியாரிடமே பிரசங்கம் நீளம் என்று சொன்னவன். எதிர்வீட்டு எர்சிலியாவிடம் மட்டும் ஞாயிறுதோறும் ஒரு பொய் சொன்னான்.

எர்சிலியா வடக்கே பெர்கமோவில் பிறந்தவள். ரயில்வே வேலையில் இருந்த கணவனோடு ரோமுக்கு வந்து, அவனை இங்கேயே அடக்கமும் பண்ணிவிட்டு, இன்றுவரை ரோமின் பாஸ்தாவான கார்பொனாராவில் க்ரீம் ஊற்றுகிறாள். பாஸ்தா, முட்டை, செம்மறிப்பால் சீஸ், பன்றியின் கன்னக்கொழுப்பு, மிளகு. வேறெதுவும் அந்தச் சட்டிக்குள் போகக்கூடாது. ரோம்காரன் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பான், இதை விட்டுக்கொடுக்கமாட்டான். நசரேனோவோ ஞாயிறுதோறும் அவள் வீட்டில் அந்த வெள்ளைக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, "பிரமாதம்" என்பான்.

3.

எர்சிலியா பெர்கமோவில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். நசரேனோ, போகாதே, என் வீட்டுக்கு வந்து என்னோடு இரு என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் இருந்தும் இந்த ஊரில் ஒன்றையும் பார்க்கவில்லை, முதலில் அதைக் காட்டு என்றாள். மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகம் இலவசம் என்பதால் அன்றைக்கே கிளம்பினார்கள்.

மூக்குடைந்த சக்கரவர்த்திகள் வரிசையாக நின்றார்கள். சொந்த மூக்கைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் எப்படி நாட்டைக் காப்பாற்றினார்கள் என்று நசரேனோ காவலாளியிடம் கேட்டான். பாந்தியன் கோயிலின் கூரை நடுவில் இருக்கும் பெரிய ஓட்டையை அண்ணாந்து பார்த்து, "நான் இப்படி விட்டுட்டுப் போயிருந்தா கூலி குடுத்திருப்பானா?" என்றான். எர்சிலியா சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வெளியே வரும்போது அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சர்வரை உள்ளே விட்டுவிட்டேன்.)

4.

அவன் பெயர் ஒரெஸ்தே. சாப்பாட்டுக்கடை வாசலில் நின்றவன் நசரேனோவைப் பார்த்துக் கை காட்டினான்.

"என்ன பெரியவரே, நாளைக்கும் கார்பொனாராதானே? ஞாயித்துக்கெழம அந்த க்ரீமோட பட்ட பாட்டுக்குத் திங்கக்கெழம மருந்து வேணும்ல."

எர்சிலியா யார் என்று பாவம் அவனுக்குத் தெரியாது. அவள் கோத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். ஆற்றங்கரைவரை முன்னால் நடந்தாள். அந்தக் கல்லின் முன்னால் வரிசை நின்றது. போய்ச் சேர்ந்துகொண்டாள்.

5.

"கைய விட்டுட்டு சொல்லு."

"சாக்கடை மூடி அது. அதுகிட்ட என்னத்தச் சொல்ல?"

"சாக்கடைதானே உன் பொழப்பு, பயமென்ன? இங்க பாரு கெழவா, க்ரீம் எனக்குப் பெருசில்ல. அதுல பொய் சொன்ன வாய், எங்கூட இருன்னு சொன்னதும் பொய்யா இருக்கலாம்ல?"

நசரேனோவுக்குக் கல்மேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கை கால்சட்டைப் பையை விட்டு வரவில்லை.

முடிவு அ: கையை விட்டான், உண்மையைச் சொன்னான், தேவாலய மணி அடித்தது. (மணி அடித்தால் அது சினிமா.)

முடிவு ஆ: பொய் சொன்னான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் ரயிலேறி—

(இதை என்னால் எழுத முடியாது.)

முடிவு இ: எர்சிலியா முந்திக்கொண்டு தன் கையை விட்டாள். பாத்திரம் தானாக நடந்துகொண்டது என்று எழுதுகிறவர்கள் அளப்பதை நான் நம்பியதில்லை. ஆனால் இதை நான் யோசிக்கவில்லை.

"எனக்கும் அந்த க்ரீம் புடிக்காது" என்றாள் கல்லிடம். "என் வீட்டுக்காரருக்குத்தான் புடிக்கும். அவர் போனப்புறம் நிறுத்தினா, அவரத் தொடச்சுப்போட்ட மாதிரி இருக்கும்னு ஊத்திட்டே இருந்தேன்."

கையை எடுத்து அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ."

6.

வரிசையை நகர்த்துகிறவன் சீக்கிரம் சீக்கிரம் என்கிறான். நசரேனோ கையைப் பையிலிருந்து எடுத்து, கால்சட்டையில் துடைக்கிறான்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவன் என்ன சொல்வான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளைப் போகவிடாதபடி ஒரு பதில் உங்களிடம் இருந்தால் அவன் காதில் போடுங்கள்.

ஒரு மனுஷன் உண்மை பேச ஒரு கல் எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வரிசையைத் தாண்டி வந்துவிட்டேன். பின்னால் ரெண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அது அவர்கள்தான் என்று நீங்கள் வேண்டுமானால் நம்புங்கள். நான் பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.