குண்டூசி ஓடினால் போன் போகும்

வரவேற்பு மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்திருந்தால், டெஸ்டர் அன்று காலையிலேயே தலைவலி என்று சொல்லி லீவு போட்டிருப்பாள்.

டெஸ்டர் என்பது, போன், நெட்வொர்க் பழுது பார்க்கும் கம்பெனியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும், என்ன ஏது என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பையிலிருந்து கேபிள் டெஸ்டரை எடுத்து ஒயரில் மாட்டிவிடுவாள். மனுஷன் பொய் சொல்வான், ஒயர் சொல்லாது என்பது அவள் கட்சி. பதினான்கு வருட சர்வீஸில் அந்தக் கட்சி பெரிதாக எங்கும் தோற்றதில்லை.

அன்று வந்த புகாரும் சாதாரணமானதுதான். ஊர்க்கோடியில் நாய், பூனைகளுக்கான ஆஸ்பத்திரி. மூன்று வாரமாக அங்கே வரவேற்பு போன் நினைத்தபோது அணைகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே உயிர் வருகிறது. அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

மேஜைக்குப் பின்னால், மடியில் ஒரு பூனைக்குட்டியும் காதில் போனுமாக அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் நாத்தனாரை எல்லோரும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பிள்ளை பெற்று, முப்பத்தெட்டு வயதாகி, மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் பாப்பா பாப்பாதான். அந்தப் பாப்பாவோடு டெஸ்டர் பேசிப் பத்து மாதம் ஆகிறது.

காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். போன வருடம் பாப்பா வீட்டுக்குப் போய் வைஃபை பெட்டியை நல்ல இடமாகப் பார்த்து மாட்டி, ஒயரையெல்லாம் நறுவிசாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள் டெஸ்டர். நாலாம் நாள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பாப்பா எழுதினாள்: ‘அண்ணி கை வச்சதுல இருந்து எங்க வீட்ல நெட்டே வரல.’ அதற்குக் கீழே சின்ன மாமியார் ஒரு சிரிக்கிற முகம் போட்டார். எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிக்கிற முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அன்றே குரூப்பை விட்டு வெளியேறியவள் வெளியேறியவள்தான். அவள் புருஷன் கொஞ்ச நாள் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினான். பிறகு இந்தப் பக்கத்து சேதி அந்தப் பக்கம் போகக்கூடாது, அந்தப் பக்கத்தது இங்கே வரக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டான். தங்கை புது வேலைக்குச் சேர்ந்த சேதியும் அப்படித்தான் அமுங்கிப் போயிருக்க வேண்டும்.

“சொல்லுங்க மேடம்,” என்றாள் பாப்பா, பூனைக்குட்டியின் காதைச் சொறிந்தபடி.

“போன் ரிப்பேர்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு மேடம்.”

“ஆமா மேடம். அடிக்கடி போகுது.”

“எப்பெல்லாம் போகுது?”

“குண்டூசி வந்தா போகும்.”

“யாரு?”

பாப்பா மோவாயால் காட்டினாள். காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பார்த்து, பெஞ்சையே முதுகில் தூக்கிக்கொண்டு நின்றது கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வந்த நாளில் வைத்த பெயராம். பின்னங்காலில் ஆபரேஷன் முடிந்து, இப்போது தினமும் பயிற்சிக்கு வருகிறதாம்.

“குண்டூசி மட்டும் இல்ல மேடம், பெரிய நாய் எது வந்தாலும் போகுது. தேதி, மணி எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.” பாப்பா ஒரு நோட்டை நீட்டினாள்.

டெஸ்டர் கை நீட்டவில்லை. “நாய்க்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தம் இல்ல மேடம். பெட்டி எங்க இருக்கு, அத மட்டும் சொல்லுங்க.”

பாப்பாவின் முகம் சுருங்கியது. நோட்டை மூடி இழுப்பறையில் போட்டாள். “நேராப் போய் மருந்து ரூம். அலமாரிக்குப் பின்னாடி.”

அலமாரிக்குப் பின்னால் சுவரில், எல்லா போன், கேமரா ஒயரும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் போனுக்கும் கேமராவுக்கும் தனித்தனியாகப் பிளக் கிடையாது. பேச்சும் படமும் போகிற அதே ஒயரில் மின்சாரமும் போகும். அந்த மின்சாரத்தை ஊட்டுகிற தாய் இந்தப் பெட்டிதான். ஒயர் செருகுகிற இருபத்து நாலு போர்ட்டில் முதல் பதினேழில் ஒயர் இருந்தது. பதினேழாவது, வரவேற்பு போன்.

டெஸ்டர் வழக்கம் போல ஆரம்பித்தாள். ஒயரைச் சோதித்தாள். எட்டுக் கம்பியும் ஒழுங்கு. மின்சாரம் வருகிறதா என்று அளந்தாள். குறையில்லாமல் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சின்ன ஒயர் ஒன்றைப் புதிதாக மாற்றினாள். பெட்டியின் உள்கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம் என்றால் அதற்கு பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் டாக்டரம்மாவின் லாக்கரில் ஒரு கவருக்குள் இருக்கிறது. டாக்டரம்மா ஆபரேஷனில் இருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு முன் வரமாட்டார்.

சரி, போன்தான் கோளாறா, போர்ட் கோளாறா என்று பிரித்துவிடுவோம் என்று, ஏழாவது போர்ட்டில் இருந்த எக்ஸ்ரே ரூம் போனையும் பதினேழில் இருந்த வரவேற்பு போனையும் இடம் மாற்றிச் செருகினாள்.

இருபது நிமிடம் கழித்து எக்ஸ்ரே எடுக்கிறவர் வந்து நின்றார். “இத்தனை நாள் என் போன் நல்லாத்தாங்க இருந்துச்சு. இப்ப செத்துப்போச்சு.”

“நோய் இடம் மாறிடுச்சு பாத்தியா,” என்று பாப்பா பூனைக்குட்டியிடம் சொல்வது மருந்து ரூம் வரைக்கும் கேட்டது. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

டெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் விஷயம் தெளிவானதாகவே பட்டது. போன் நல்ல போன், போர்ட்தான் பழுது. எக்ஸ்ரே ரூம் ஒயரைப் பிடுங்கி, இதுவரை யாருமே தொடாத இருபத்திரண்டாவது போர்ட்டில் செருகினாள். பையை மூடி ஜிப்பைக்கூட இழுத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு எக்ஸ்ரேக்காரர் மறுபடி வந்தார். வாசலில் நின்று, மறுபடி போச்சு என்று தலையை மட்டும் ஆட்டினார்.

டெஸ்டர் தலைகீழாகக் கவிழ்த்த பினாயில் வாளியின் மேல் உட்கார்ந்தாள். ஒயரை மாற்றியாயிற்று, போனை மாற்றியாயிற்று, போர்ட்டையும் மாற்றியாயிற்று. மாற்ற மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். ஒயர் பொய் சொல்லாது. ஆனால் கேட்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லாது என்பது முதல் முறையாக உறைத்தது. கேட்க வேண்டிய ஆள் இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இருபதடிதான். ஆனால் நடக்க ஐந்து நிமிடம் பிடித்தது.

“அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க மேடம்.”

பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து நோட்டை மேஜை மேல் வைத்தாள்.

குண்டு குண்டு எழுத்தில் பதினெட்டு வரி. தேதி, மணி, நாயின் பெயர், போன் எத்தனை நிமிடம் கழித்து வந்தது என்பது வரை இருந்தது. டெஸ்டர் தன் கம்பெனியில் பார்த்த எந்த ரிப்போர்ட்டும் இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ‘செவ்வாய். மழை. குண்டூசி வந்தான். போன் போகல.’ நான்கு வரி தள்ளி இன்னொன்று. அன்றும் மழை, அன்றும் போன் போகவில்லை.

“மழை பெஞ்சா குண்டூசிய என்ன செய்வாங்க?”

“உள்ளயே வச்சுக் காலைப் பிடிச்சுவிடுவாங்க. வெயிலடிச்சாதான் பின்னாடி திடல்ல ஓட விடுவாங்க.”

“பூனைங்க?”

“பூனைய யாரு அண்ணி திடல்ல விடுவாங்க? அப்புறம் மரத்துல ஏறித்தான் எறக்கணும்.”

அண்ணி என்ற சொல் வாய் தவறி வந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கேட்டார்கள். கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

“திடலக் காட்டு, வா,” என்றாள் டெஸ்டர்.

பின்பக்கத் திடலில் குண்டூசி பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்பாளர் நின்ற இடத்தில் நின்றபடியே பந்தை வீசினார். சுவர் மூலையில் உருண்டையாக ஒரு கேமரா. நாய் இடப்பக்கம் ஓடினால் கேமராவும் கழுத்தை இடப்பக்கம் திருப்பியது. வலப்பக்கம் ஓடினால் விறுக்கென்று வலப்பக்கம். கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்க்கிற மாமா மாதிரி ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை.

“இது எப்ப மாட்டுனது?”

“மூணு வாரம் இருக்கும். ஒரு நாய் சுவரத் தாண்டிக் குதிச்சு ஓடிடுச்சு. அதுக்கப்புறம் கேமராக்காரங்க வந்து மாட்டுனாங்க. பெருசா எது அசைஞ்சாலும் பின்னாடியே திரும்புமாம்.” சொல்லிக்கொண்டே வந்த பாப்பா நிறுத்தினாள். “மூணு வாரம்,” என்றாள் மறுபடியும், மெதுவாக.

அதற்குள் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, கவரைக் கொடுத்தார். டெஸ்டர் ஒயர்களைப் பழையபடி அதனதன் இடத்தில் செருகிவிட்டு, மடிக்கணினியில் பெட்டியின் உள்கணக்கைத் திறந்தாள். இந்தப் பெட்டி மொத்தம் நூற்று இருபது வாட் மின்சாரம்தான் ஊட்டும், அதைத் தாண்டினால் ஓரிரு நொடிதான் தாங்கும். சும்மா இருக்கும்போதே நூற்றுப் பதினேழு போய்க்கொண்டிருந்தது. புதுக் கேமரா இரண்டாவது போர்ட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“பந்தப் போடச் சொல்லு,” என்று கத்தினாள் டெஸ்டர்.

“போடுங்க,” என்று பாப்பா ஜன்னல் வழியாகத் திடலுக்குக் கத்திவிட்டு, மேஜைக்கு ஓடினாள்.

திரையில் எண் ஏறியது. நூற்றுப் பத்தொன்பது. நூற்று இருபத்திரண்டு. நூற்று இருபத்து நாலு. சட்டென்று நூற்றுப் பத்தொன்பதுக்கு இறங்கியது.

“போயிடுச்சு அண்ணி,” என்று வரவேற்பிலிருந்து குரல் வந்தது. இந்த முறை அது வாய் தவறி வந்ததல்ல.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டெஸ்டர் விளக்கினாள். “வீட்ல அளவா சமைச்சு வச்சிருக்கோம்னு வைங்க. நாய் ஓடுனா அந்தக் கேமராவோட மோட்டார் சுத்துது, அதுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வேணும். பானையில இல்ல. அப்ப இந்தப் பெட்டி என்ன செய்யும்னா, பந்தியில கடைசியா உக்காந்திருக்கிறவங்க தட்ட எடுத்துடும்.”

“கடைசி தட்டு என்னோடது,” என்றாள் திரும்பி வந்த பாப்பா.

“ஆமா. நான் இடம் மாத்துனப்போ எக்ஸ்ரேக்காரரோட தட்டு. இருபத்திரண்டுல போட்டப்பவும் அவருதான் கடைசி.” டெஸ்டர் நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டினாள். “இத இவங்க காலையிலயே சொன்னாங்க மேடம். நாய் வந்தா போகுதுன்னு. நான்தான் காது குடுக்கல. இந்த நோட்டு இல்லன்னா இன்னும் ரெண்டு நாள் ஒயரப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிட்டிருப்பேன்.”

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, “பெருசா கண்டுபிடிச்சிருக்கீங்களே,” என்று பாப்பாவின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியான முயலைப் பார்க்கப் போனார்.

மிச்ச வேலை சுலபம். ஒரே ஒரு ஒயருக்கு மட்டும் மின்சாரம் ஊட்டுகிற குட்டிப் பெட்டி ஒன்று டெஸ்டரின் பையில் எப்போதும் இருக்கும். அதைச் சுவர் பிளக்கில் செருகி, கேமராவுக்குத் தனிச் சமையல் ஏற்பாடு செய்தாள். ஸ்விட்சின் எண் நூற்று ஐந்துக்கு இறங்கியது. இன்னொரு நாள் எவராவது வந்து எதையாவது புதிதாக மாட்டினாலும், வரவேற்பு போனின் தட்டில் கை வைக்கக்கூடாது என்று பெட்டியின் அமைப்பிலும் எழுதி வைத்தாள்.

அவள் தரையில் குந்தி ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாப்பா கதவோரம் வந்து நின்றாள். பூனைக்குட்டியை விட்டுவிட்டு வந்திருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அன்னைக்கு எங்க வீட்ல நெட் போச்சுல்ல.”

டெஸ்டர் நிமிரவில்லை. “ம்.”

“பிளக்கப் பிடுங்கினது நான்தான். வாக்குவம் கிளீனர் போட இடம் இல்லன்னு பிடுங்கினேன். திரும்பச் செருகும்போது பக்கத்து ஓட்டையில செருகிட்டேன். அந்த ஓட்டைல கரண்டே வராது.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“குரூப்ல போட்ட மறுநாள்.”

டெஸ்டர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள். “மறுநாளா? பத்து மாசமா சொல்ல வாய் வரலயா உனக்கு?”

“நீங்க வெளிய போயிட்டீங்க. அண்ணன் போனை எடுத்தா வேற பேச்சு பேசுறான். நாள் ஆக ஆக எப்படிச் சொல்றதுன்னே தெரியல. வெக்கமா போச்சு.”

கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், நன்றாகப் பொங்கியும் வந்தது. ஆனால் காலையில் பாப்பா நீட்டிய நோட்டை வாங்காத தன் கையும் கூடவே நினைவுக்கு வந்து, அந்தப் பொங்கலில் தண்ணீர் தெளித்துவிட்டது. பத்து மாதமாகக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் போகாமல், ஒரு செத்த பிளக் ஓட்டைக்காகச் சண்டை போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு முட்டியது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்துப் பாப்பாவும் சிரித்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“என்னை முதல்ல குரூப்ல சேத்துவிடு,” என்றாள் டெஸ்டர். “சேத்துட்டு, இப்ப சொன்னதெல்லாம் அங்க எழுது. உங்க சித்தி படிக்கணும்.”

“எல்லாமேவா?”

“வாக்குவம் கிளீனர் உட்பட.”

பாப்பா அங்கேயே நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, நீளமாக எழுதினாள். எழுதி முடித்ததும் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றதும், வரவேற்புக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் எடுத்து வைத்தாள். பத்து மாதக் கதை பாக்கி இருந்தது. பெரியவனுக்குப் பல் கம்பி கட்டியது, சின்னவள் நீச்சல் கற்றுக்கொண்டது, மாமியார் முழங்கால் வலி என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. டெஸ்டர் நடுவில் ஒன்றும் கேட்காமல், முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே திடலில் குண்டூசி இன்னொரு ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் போன் அடித்தது. பாப்பா வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிக்கொண்டு எழுந்து ஓடினாள்.