கிளடிஸ் அன்ரிக்குக் கேட்காத ட்ரம்

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், தன் நாற்பத்துமூன்றாவது வயதில், சந்திரவதனா ட்ரம்ஸ் வாங்கினாள்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவளுடைய தம்பி சண்முகநாதன் வவுனியாவிலிருந்து போன் எடுத்திருந்தான். "அக்கா, அகதிக் காம்பிலயிருந்து விட்டிட்டாங்கள். இப்ப ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நிக்கிறன்." மே மாதம் இலங்கையில் போர் முடிந்ததிலிருந்து அவன் இருக்கிறானா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. போனை வைத்தவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சமையலறை மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

கை அப்படிப் பழகிப்போயிருந்தது. போர் முடிவதற்கு முந்திய வாரங்களில், பாண் சுடும் பக்டரியில் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ரொறன்ரோ டவுன்ரவுனுக்குப் போய், யூனிவர்சிற்றி அவெனியூ ஓரத்தில் போரை நிறுத்தச் சொல்லிக் கூடிய கூட்டத்தோடு நின்று, கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில் மணிக்கணக்காக அடித்தவள் அவள். கூட்டம் கலைந்துவிட்டது, வாளியும் எங்கேயோ போய்விட்டது, கை மட்டும் நிற்கவில்லை. காரின் ஸ்ரியரிங்கில் அடித்தாள், பாண் தட்டில் அடித்தாள். பக்டரியில் கூட வேலை செய்த ஒருத்தி மகனுடைய பழைய ட்ரம்ஸை விற்கப்போவதாகச் சொன்னபோது யோசிக்காமல் வாங்கி வந்துவிட்டாள்.

"உது என்ன?" என்று கேட்டார் கணவர் அன்புராசா.

"ட்ரம்ஸ்."

"ஆருக்கு?"

"எனக்கு."

ஸ்கூல் பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்த அன்புராசா பெட்டிகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது.

மல்வேர்னில் அவர்களுடையது ஒட்டு வீடு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கிளடிஸ் அன்ரி, ஓய்வுபெற்ற நேர்ஸ், தனியாக இருந்தார். சந்திரவதனா பேஸ்மென்றில் முதன்முதல் வாசிக்கத் தொடங்கி ஏழாவது நிமிடத்தில், வீட்டுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, நீர் வாசிக்கிறது பிழையில்லை. ஆனா என்ர கண்ணாடி அலுமாரிக்குள்ள கோப்பையெல்லாம் நடக்குது."

மறுநாளே அன்புராசா இஸ்ஸதீனைக் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆள், ரொறன்ரோ முழுக்க ட்ரைவோல் பலகையால் சுவர் அடிக்கிறவர். இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே இடத்தில் கோப்பை கழுவியவர்கள். இஸ்ஸதீன் பேஸ்மென்றில் இறங்கி, பொதுச்சுவரை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு பீட்சாப் பெட்டி மூடியின் பின்பக்கத்தில் படம் கீறினார்.

"அறைக்குள்ள ஒரு அறை. புதுச் சுவர் பழைய சுவரில முட்டப்படாது. நிலத்தை ரப்பருக்கு மேல மிதக்க விடுவம். ட்ரைவோல் ரெண்டு தட்டு, நடுவில பசை, உள்ளுக்க நிறையப் பஞ்சு. ஒரு ஆணி ரெண்டு சுவரையும் தொட்டாக் காணும், சத்தம் அதைப் பிடிச்சு மற்றப் பக்கம் போயிடும். காத்துப் போற ஓட்டை ஒண்டும் இருக்கப்படாது."

"அப்ப நான் எப்பிடி மூச்சு விடுறது, நானா?" என்று முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் கேட்டாள் சந்திரவதனா.

"குழாயைப் பாம்பு மாதிரி வளைச்சு, பஞ்சுப் பெட்டிக்குள்ளால விடுவன் தங்கச்சி. காத்து நெளிஞ்சு நெளிஞ்சு வரும். சத்தம் வழியில களைச்சுப்போயிடும்."

அதன் பிறகு ஆறு வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சந்திரவதனாவின் தலையெல்லாம் வெள்ளைத் தூசு. அது பாண் மாவா சுவர் மாவா என்று அவளுக்கே தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு அன்புராசா புதுச்சுவருக்கு வெளியே ரோச் லைற் அடிப்பார். அவள் உள்ளே இருட்டில் தவழ்ந்து வெளிச்சம் கசியும் இடுக்கைத் தேடுவாள். ஒன்று அகப்பட்டால் புதையல் கண்டவள்போலக் கூப்பிடுவாள். இருவரும் பசைத் துப்பாக்கிக்குச் சண்டை பிடிப்பார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு பொருத்தப்பட்டது. கனத்த மரக்கதவு, நாலு பக்கமும் ரப்பர். தோளால் தள்ளினால்தான் சாத்தும். உள்பக்கக் கைப்பிடி மட்டும் வந்து சேரவில்லை.

"பறவாயில்லை, வதனா. நீர் பத்து நிமிசம் வாசியும். நாங்கள் அன்ரி வீட்டில நிண்டு கேட்டிட்டு வந்து திறக்கிறம்" என்றார் அன்புராசா.

இரண்டு ஆண்களும் கிளடிஸ் அன்ரியின் பேஸ்மென்றில் சுவரில் காதை வைத்து நின்றார்கள். அன்ரியும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தார்.

"இன்னும் துவங்கேல்லையோ?"

"துவங்கியிருப்பா. அவ சும்மா இருக்கிற ஆள் இல்லை" என்றார் அன்புராசா.

இஸ்ஸதீன் ஒரு கிளாசைக் கவிழ்த்துச் சுவரில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல்தான் கேட்டது. அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"இருவது வருசமாச் சுவர் கட்டுறன், அன்ரி. என்ர சுவரை ஒருத்தர் காது குடுத்துக் கேட்டது இண்டைக்குத்தான்."

இதைக் கொண்டாடாமல் விடமுடியாது என்றார் அன்ரி. கிறிஸ்மஸ் கேக் வந்தது. இஸ்ஸதீனுக்கென்று பிறண்டி போடாத கேக்கைத் தனியே செய்து வைத்திருந்தார். தேநீர் வந்தது. சுவர்ப் பேச்சிலிருந்து பேச்சு வேறெங்கெல்லாமோ போனது. இடையிடையே ஒருவர் எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்து, "ஒண்டும் இல்லை" என்று சொல்ல, மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

சந்திரவதனா பத்து நிமிடம் வாசித்து முடித்துக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிடிக்க ஒன்றுமில்லாத மொழுமொழுப்பான பலகை. "இஞ்சேருங்கோ" என்றாள். குரல் பஞ்சில் விழுந்ததுபோல அங்கேயே அடங்கியது. உரத்துக் கூப்பிட்டாள். கதவில் குத்தினாள். ட்ரம்ஸை இடிபோல அடித்தாள். அப்போதுதான், தான் எவ்வளவு அடித்தாலும் அங்கே அவர்கள் அவ்வளவுக்கு மகிழ்ந்துகொண்டிருப்பார்கள் என்பது அவளுக்கு விளங்கியது.

முதலில் பயம் வந்தது. தலைக்கு மேல் குழாயிலிருந்து காற்று மெல்ல வந்துகொண்டிருப்பதை உணர்ந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கணவரைத் திட்டினாள். இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. பிறகு பக்டரி சுப்பவைசரைத் திட்டினாள். பிறகு குண்டு போட்டவர்களை, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனவர்களை, பார்த்துக்கொண்டு சும்மா இருந்த உலகத்தை, வாயில் வந்த அத்தனை சொல்லாலும் திட்டினாள். அந்த வருடம் முழுக்க அவள் வாய்விட்டு அழுததில்லை. ஒட்டு வீடு, அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் தலையணைக்குள் அடக்கியிருந்தாள். இப்போது ஒருவருக்கும் கேட்காது.

"சண்முகநாதன் இருக்கிறான்" என்று கத்தினாள்.

அது நன்றாக இருந்தது. சொல்லுக்குச் சொல் அடித்து மறுபடி கத்தினாள். சண்-முக-நா-தன். இருக்-கி-றான். கடைசி எழுத்துக்குச் சிம்பல். சிரிப்பு வந்தது. செருப்பை உதறிவிட்டு, கொண்டையும் அவிழ, வெறுங்காலோடு அடித்தாள்.

அங்கே கிளடிஸ் அன்ரி மூன்றாவது துண்டுக் கேக்கை நீட்டியபடி, "அவவை எத்தினை மணிக்கு வெளியில எடுக்கிறதெண்டு சொன்னனீர்?" என்று கேட்டார்.

அன்புராசா சப்பாத்துப் போட மறந்து, காலுறையோடு பனியில் ஓடினார். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கதவை இழுத்துத் திறந்ததும் சத்தம் அவரை நெஞ்சில் தள்ளியது. உள்ளே மனைவி முகமெல்லாம் வியர்வையும் கண்ணீருமாக, பல்லெல்லாம் தெரிய இருந்தாள்.

"வதனா, நான் ஒரு விசரன், கேக்கைத் திண்டுகொண்டு..."

"கதவைச் சாத்துங்கோ" என்றாள் அவள், அடைத்த குரலில். "இன்னும் முடியேல்லை."

அவர் மெதுவாகக் கேட்டார்: "நானும் உள்ளுக்க வரட்டோ?"

"வாங்கோ. ஆனா கதைக்கிறேல்லை. கத்துறது மட்டும்தான்."

பின்னால் ஓடி வந்த இஸ்ஸதீன் வெளியே நின்று கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். அன்புராசா என்ன கத்தினார் என்பதை இருவரும் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இஸ்ஸதீன் கதவைத் திறந்து அவர்கள் வெளியே வந்தபோது வாசலில் அவரும், கேக் தட்டோடு கிளடிஸ் அன்ரியும் நின்றார்கள். அன்ரி தட்டை இஸ்ஸதீனின் கையில் கொடுத்தார்.

"பிள்ளை, எனக்கும் ஒரு அஞ்சு நிமிசம் தருவீரோ? அந்தத் தடியையும் தாரும்."

அஞ்சு நிமிடம் பதினைந்தானது. வெளியே மூன்று பேரும் கதவில் காதை வைத்துப் பார்த்தும் ஒரு சத்தமும் இல்லை. அவர் வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "நல்ல வேலை, தம்பி" என்று மட்டும் இஸ்ஸதீனிடம் சொன்னார். அடுத்தது இஸ்ஸதீன் போனார்.

அன்று பின்னேரம் நான்கு பேரும் மேலே சமையலறையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். கத்திக் கத்தி ஒருவருக்கும் தொண்டை வேலை செய்யவில்லை. குழம்பு வேண்டுமென்றால் குசுகுசுத்தார்கள். அதைக் கேட்க மற்றவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க வந்தது.