வெளியே போகாத பேச்சு

பழைய மருத்துவச் சுவடிகளைப் படித்துப் பதிப்பிப்பது அவள் வேலை. வைத்தியம் கற்று முடித்த மாணவன் ஆசிரியர் முன்னால் சொல்ல வேண்டிய உறுதிமொழி ஒன்று, செல்லரித்த ஏடுகளுக்கு நடுவே அவள் கையில்தான் அகப்பட்டது. அதை இன்றைய தமிழில் எழுதிக் கொடுத்தாள். பட்டம் வாங்கும் புது டாக்டர்கள் அதையே சொல்ல வேண்டுமென்று ஏற்பாடு செய்தவர் அவளுடைய அக்காவின் கணவர். மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறைத் தலைவர். மேடையில் அவரே வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். "நோயாளி சொன்னதை அறைக்கு வெளியே கொண்டுபோக மாட்டேன்" என்னும்போது அவர் குரல் தழுதழுத்தது. கீழே உட்கார்ந்திருந்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருஷமே அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. வேறு யாரிடம் போவாள்? வீட்டில் வைத்துக் கேட்காமல், மருத்துவமனையில் சீட்டு வாங்கி, எல்லாரோடும் பெஞ்சில் காத்திருந்து உள்ளே போனாள். அவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மாத்திரையில் சமாளிக்கலாம்.

"அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம் அத்தான். நேரம் பார்த்து நானே சொல்லிக்கிறேன்."

"இதை நீ சொல்லணுமா?" என்று தோளில் தட்டினார்.

மாத்திரைக்கு நோய் கேட்டது. நடுக்கமும் குறைந்தது. அப்பாடா என்றிருந்த சமயத்தில் அவள் வேலை பார்த்த சுவடி நூலகத்தின் இயக்குநர் கூப்பிட்டார். அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டை எல்லாம் இனிமே நீங்க தொட வேண்டாம்மா. கம்ப்யூட்டர்ல படத்தைப் பார்த்துப் படிங்க."

"ஏன் சார்? ஒரு ஏடுகூட என் கையில உடைஞ்சதில்லையே."

"உடையறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்கன்னு உங்க அத்தான்தான் சொன்னார். ஒரு விருந்துல பார்த்தேன். உங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்படறார், பாவம்."

விருந்தில்! இன்னும் எத்தனை பேர் காதில் விழுந்ததோ.

நேராக அத்தானின் அறைக்குப் போனாள். "ஏன் சொன்னீங்க?"

அவருக்கு முதலில் புரியவே இல்லை. "உன் நல்லதுக்குத்தான். நாளைக்கு ஒரு ஏடு உடைஞ்சா உன் பேர்தானே கெடும்?"

"அது என் பாடு. நான் உங்ககிட்ட நோயாளியாத்தானே வந்தேன்?"

"நீ நோயாளியா? என் மச்சினி!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. மேடையில் தழுதழுத்ததும் நடிப்பில்லை. அந்த வரி காப்பாற்றும் மனிதர்களில் அவள் சேர்த்தி இல்லை, அவ்வளவுதான்.

ஊரின் மறுகோடியில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் மாறிக்கொண்டாள். அக்கா வீட்டுப் பக்கம் போவது குறைந்தது. ஒருநாள் அத்தானே பழங்களோடு வந்தார். உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா? ராத்திரி தூக்கம் வருதா? எங்கேயாவது தடுமாறினியா?"

முந்தின நாள்தான் குளியலறையில் விழுந்திருந்தாள். முழங்கை இன்னும் வலித்தது.

"நல்லா இருக்கேன் அத்தான்" என்றாள். "காப்பி ஆறிடப் போகுது, குடிங்க."