தடைதாண்டும் கணவர்

காட்சிக்கூடத்தின் வாசலிலேயே ரோஸ்விதாவின் பூவாளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பிகோனியாப் பூந்தொட்டி மட்டும் தப்பியது. அதைக் கோட்டுக்குள் ஒளித்திருந்தாள்.

அவள் தெருவில் விதவைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கல்லறை இருந்தது. சனிக்கிழமையானால் போய்க் களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, அப்படியே புருஷனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார்கள். ரோஸ்விதாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் கணவர் வில்ஃப்ரீட் ஒரு வார்த்தை கேட்காமல், உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எங்கே நின்று அவரிடம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு வருடமாகத் தவிக்கிறாள். எந்த உடல் யாருடையது என்று இங்கே மூச்சுவிட மாட்டார்கள். விதி அப்படி.

ஆனால் இன்று கண்டுபிடித்துவிட்டாள். தோலில்லாமல், சிவந்த தசையோடு, காலை நீட்டித் தடை தாண்டும் கோலத்தில் நிறுத்தியிருந்த உடலின் இடது இடுப்பில் உலோக மூட்டு பளபளத்தது. வில்ஃப்ரீடுக்கு அறுவை செய்து வைத்த அதே மூட்டு! ரிமோட்டை எடுக்கக்கூட எழுந்திருக்காத மனுஷன், செத்த பிறகு பாய்கிறார் பாய்ச்சல். தொட்டியை அவர் காலடியில் வைத்தாள்.

காவலாளி திலோ ஓடி வந்தான். "அம்மா, செடியெல்லாம் கூடாது. ஈரம் ஆகாது."

"என் புருஷன் காலடியில வைக்கிறேன், உனக்கென்னப்பா?"

"உங்க புருஷனா? அவரு என் வீட்டுக்காரரு!" கையில் சிவப்புக் கல்லறை விளக்கோடு ஒரு கிழவி வந்து நின்றாள். பெயர் எல்ஃப்ரீடா என்றாள்.

"நெருப்பு அதைவிட ஆகாதும்மா," என்றான் திலோ.

"இந்த மூட்டைப் பாருங்க," என்றாள் ரோஸ்விதா.

"என் ஆளுக்கும் அதே மூட்டுதான். தொடையைப் பாருங்க முதல்ல. தினம் எட்டு கிலோமீட்டர் ஓடுன தொடை!"

"உட்கார்ந்தே இருந்தா தொடை தேயாது. வாங்கினது வாங்கினபடி இருக்கும்!"

சத்தம் தாங்காமல் திலோ பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தான். "நுரையீரல் சுத்தம். புகைப்பழக்கம் இல்லாதவர். போதுமா?"

எல்ஃப்ரீடா நிமிர்ந்தாள். ரோஸ்விதாவின் முகம் செத்துவிட்டது. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வில்ஃப்ரீடின் வாயில் புகைக்குழாய் இருக்கும். அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

மூன்றடி தள்ளி ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கன்னங்கரேலென்று இரண்டு நுரையீரல்கள். ஆள் இல்லை. 'நெடுங்காலம் புகைத்த ஆண்' என்று எழுதியிருந்தது.

ரோஸ்விதா அங்கேயே நின்றுவிட்டாள்.

எல்ஃப்ரீடாவுக்கே மனசு கேட்கவில்லை. பின்னாலேயே வந்தாள். "ஊர்ல எத்தனையோ பேரு புகைக்கிறாங்க. இது அவர்தான்னு எப்படிங்க சொல்றீங்க?"

"நாப்பத்தி நாலு வருஷமா இப்படித்தான் ஆகும்னு சொன்னேன். இப்படியேதான் ஆகியிருக்கு. வேற யாரா இருக்கும்?"

ரோஸ்விதா தொட்டியைப் பெட்டியின் மேல் வைத்தாள். திலோ வாயைத் திறந்தான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"சொன்னேனே, கேட்டீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டித் திட்ட ஆரம்பித்தவளுக்கு அழுகை பொங்கி வந்தது.

"வீட்ல இப்ப புகை நாத்தமே இல்லைங்க," என்றாள். "எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."